அணைக்கக்கூடாத விளக்கு

கிள்ளானில் அம்மா தனியாக இருக்கும் பழைய வரிசை வீட்டில், சமையலறை டியூப் லைட் ஒரு வாரமாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. அம்மா யாரிடமும் சொல்லாமல் கைப்பேசி வெளிச்சத்தில் சமைத்திருக்கிறார். எப்படியோ அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கண் சரியில்லாதவர் இருட்டில் விழுந்து வைத்தால் யார் பார்ப்பது என்று கேட்டு, சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஸ்ரீ கெம்பாங்கானில் உள்ள தன் வீட்டுக்கே அழைத்துப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

"நீ வந்து லைட்ட மாத்திக் குடுப்பா. அவ வாய அடைச்சிடலாம்" என்று எனக்குப் போன் செய்தார்.

வட்டமான எல்.இ.டி. விளக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு சனிக்கிழமை மத்தியானமே போய்விட்டேன். பெட்டியில் இருந்த காகிதத்தில் பழுப்பு, நீலம் என இரண்டே வயர்கள். மேலே பழைய விளக்கைக் கழற்றினால் மூன்று கொத்து வயர்கள் தொங்கின. எல்லாமே சிவப்பும் கறுப்பும். தொட்டால் மேலுறை பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அந்தக் காலத்தில் இதைப் போட்ட மகராசனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, சிவப்பையெல்லாம் ஒன்றாகவும் கறுப்பையெல்லாம் ஒன்றாகவும் முறுக்கி இணைத்தேன்.

ஹாலில் இருந்த மெயின் சுவிட்சைத் தூக்கியதும், சமையலறைச் சுவிட்சைத் தொடாமலே விளக்கு எரிந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் சுவிட்சைத் தட்டினேன். மெயின் விழுந்து வீடே அணைந்துபோனது. கழற்றி, மாட்டி, மறுபடியும் தட்டினேன். மறுபடியும் அதே கதி. கழுத்து விட்டுப்போனது, கண்ணெல்லாம் தூசி. அந்த விளக்கைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்துவிடலாம் என்று இருந்தது.

ஜெஞ்சாரோமில் வேலையாக இருந்த வயர்மேனுக்குப் போன் செய்தேன். கறுப்பில் ஒன்று சுவிட்சிலிருந்து திரும்பி வருவது, அதை மற்றக் கறுப்போடு சேர்க்கக்கூடாது, எது என்று வந்து பார்த்தால்தான் தெரியும், திங்கட்கிழமை வருகிறேன், அதுவரை ஒன்றையும் நோண்டாதீங்க பாஸ் என்றார்.

"சுவிட்சத் தொடலன்னா எரியுதுல்ல? அப்படியே எரியட்டும்" என்றார் அம்மா.

இருட்டிய பிறகுதான் அக்கா வந்தாள். விளக்கைப் பார்த்ததும் அவள் முகம் சப்பென்று ஆனது. காப்பி குடிக்கும்வரை அம்மா சுவிட்சை முதுகால் மறைத்தபடி நின்றார். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் வீட்டையே இரண்டாக்கும் அம்மா வளர்த்த பிள்ளைகள் நாங்கள். அம்மா முறுக்கு டின்னை எடுக்க நகர்ந்தார். அக்கா கிளாசைக் கழுவி வைத்துவிட்டு, அறையை விட்டு வெளியேறும்போது பழக்கத்தில் சுவிட்சைத் தட்டினாள்.

கும்மிருட்டு. நான் ஏணியில் முழங்காலை இடித்துக்கொண்டேன். அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். எங்களைத் தாண்டி அம்மாவின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் சுவிட்சைத் திருப்பித் தட்டினார். பிறகு கதவின் பின்னாலிருந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். துடைப்பக் காம்பால் மெயினைத் தூக்கிவிட்டார். எதிலும் இடிக்கவில்லை.

வெளிச்சம் வந்தபோது நாங்கள் இருவரும் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தோம்.

"இந்த வீட்டுல எனக்கு எதுக்குடி கண்ணு?" என்றார் அம்மா.

அக்கா கைப்பையிலிருந்து பிளாஸ்டரை எடுத்துச் சுவிட்சின் மேல் ஒட்டிவிட்டு, தனியாகவே காரில் ஏறினாள்.