அலுப்பைக் கேட்கும் காது

சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு பின்பக்கமாகப் படியேறுகிறார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, பக்கத்து அறைப் பேச்சை ஒட்டுக்கேட்பவரைப் போல. எதிரே பீரோ ஏறி வருகிறது. அதைக் கீழிருந்து தாங்குகிறவர்களை அவரால் பார்க்க முடியாது. கேட்க மட்டும்தான் முடியும்.

"அக்கா, பெண்டு நிமிந்துருச்சு."

"நல்லதாப் போச்சு. இத்தன நாளாக் கூனிக்கிட்டுத்தான நின்ன? ஏறு."

"நாக்குத் தள்ளுதுக்கா!"

"உள்ள இழுத்துக்கிட்டு ஏறு."

வீடு மாறுபவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் நான்கு ஆட்களுக்கு இவர் தலைவி. ஐம்பதைத் தொட்ட வயது, கட்டைக் குரல். எல்லோருக்கும் அக்கா. ஆட்களின் முகத்தை அவர் பெரிதாகப் பார்ப்பதில்லை. "மூஞ்சி எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வேர்க்கும். வாயக் கேக்கணும்."

அந்தக் கேட்பில் ஒரு கணக்கு இருக்கிறது. 'டயர்டா இருக்கு' என்றால் லீவு கேட்கப் போகிறான். 'அலுப்பா இருக்கு' என்றால் வீட்டில் ஏதோ சண்டை. 'உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு' என்பது நேற்றைய வேலைக்கான பேச்சு, இன்றைக்குச் செல்லாது. 'தாவு தீந்துருச்சு' என்று ராகம் போட்டுச் சொல்பவனிடம் இன்னும் ஒரு மாடிக்குத் தெம்பிருக்கிறது. அவர் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான்: 'ஒண்ணுமில்லக்கா.' ஒருமுறை அதைச் சொன்ன மறுநிமிடம் ஓர் ஆள் ஃப்ரிட்ஜைக் காலில் போட்டுக்கொண்டான். மூன்று மாதம் மாவுக்கட்டு.

யோசித்தால் சரியாகத்தான் படுகிறது. களைப்பை அலங்காரமாகச் சொல்வதற்கும் கொஞ்சம் வலு வேண்டும். அதுவும் வற்றிய பிறகு மனிதனிடம் மிஞ்சுவது வெறும் மரியாதைதான்.

பீரோவுக்கு அடுத்தது பியானோ. எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குக் குடிவரும் இசை டீச்சருடையது. லிஃப்ட் கிடையாது. மேலே இருவர் தோள்பட்டையில் வார் போட்டு இழுக்க, கீழே இருவர் தாங்கினார்கள். கீழிருந்தவர்களில் ஒருவனுக்கு 'ரேடியோ' என்று பெயர், வாய் மூடாதவன். பியானோ சறுக்கினால் முதலில் அவன் நெஞ்சில்தான் இறங்கும்.

இரண்டாம் மாடியில் ஒரு கதவு திறந்தது. "கொஞ்சம் சத்தம் போடாம போங்களேன். குழந்த இப்பத்தான் தூங்கிச்சு."

நால்வரும் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டார்கள். அக்காவின் முகம் மாறியது. இருட்டில் கைவிளக்கு அணைந்துபோனவரைப் போல நின்றார். பிறகு பியானோவின் மேல் குனிந்து மெல்லச் சொன்னார்:

"டேய், ரகசியமா அலுத்துக்குங்கடா."

அதற்குப் பின் நடந்ததை நான் வேறெங்கும் கேட்டதில்லை. இருநூறு கிலோ மரமும் இரும்பும் படிப்படியாக ஏற, அதைச் சுற்றி நான்கு முணுமுணுப்புகள்: "இடுப்பு கழண்டுருச்சு...", "செத்தேன்டா சாமி...", "கை ரெண்டும் எங்கிட்டயே இல்லக்கா..." தூங்கும் குழந்தைக்காக நால்வர் குசுகுசுவென்று செத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசித் திருப்பத்தில் ஒரு முணுமுணுப்பு குறைந்தது.

"ரேடியோ, என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா."

"நிறுத்து. திருப்பத்துலயே வை. இப்பவே."

வைத்தார்கள். மேலே வாசலில் நின்ற டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் ஆறு படிதானேம்மா? ஒரே மூச்சுல ஏத்திடலாமே."

"ஆறு படிதான் டீச்சர். உங்க பியானோ கீழ போனா வேற வாங்கிக்கலாம். இவன எந்தக் கடையில வாங்குறது?"

டீச்சர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். ரேடியோவால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்தில் நின்றவன் புகட்டினான். அப்போதும் ரேடியோ "எனக்கு ஒண்ணுமில்ல, தூக்கலாம்" என்றான். அக்கா அசையவில்லை. பத்து நிமிடம். பதினைந்து. எனக்கே சலித்தது.

"எக்கா..." என்றான் ரேடியோ கடைசியில், மிக மெதுவாக. "எலும்ப உருவிட்டு வெறுந்தோல மாட்டி விட்ட மாதிரி இருக்குக்கா."

அக்காவின் பல் முழுதும் தெரிந்தது. "வந்துட்டான்டா! நீ மேல வந்து வாரப் போடு, மேல இருக்கறவன் ஒருத்தன் கீழ நிக்கட்டும். தூக்குங்க!"

ஆறு படிகளும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தன. பியானோ ஒரு கீறல் இல்லாமல் கூடத்தில் போய் நின்றது. குழந்தை விழிக்கவில்லை. நால்வரும் வெறுந்தரையில் மல்லாந்து, ஓசையில்லாமல், வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எளிதில் எதையும் பாராட்டாத நானும் வாசலில் நின்று கைதட்டப் போய், குழந்தையை நினைத்து நிறுத்திக்கொண்டேன்.

லாரியில் இன்னும் முப்பது புத்தகப் பெட்டிகள் இருந்தன. ரேடியோ கையூன்றி எழுந்தான். அக்கா அவன் நெற்றியில் ஒரு விரலை வைத்து மறுபடி படுக்க வைத்தார். அவன் கையுறைகளை ஒவ்வொன்றாக உருவி, தொளதொளவென்று தன் கைகளில் மாட்டிக்கொண்டு, படியிறங்கினார்.