மூன்றாம் வரிசையில் எடை இல்லை

இன்று காலை வட்டக்கச்சியில் செல்வி அக்காவின் வலைக்கூடாரத்துக்குப் போயிருந்தேன். எங்கள் விவசாயத் திணைக்களக் கந்தோருக்காக மூன்று இனக் குடைமிளகாயை மூன்று வரிசையாக நட்டு, பறிக்கும் காயை நிறுத்து எடை எழுதுகிறார். நன்றாக விளைந்த இனம்தான் அடுத்த போகம் கூடாரம் முழுக்க வரும்.

கொப்பியில் இரண்டு வரிசைகளுக்கு எடை இருந்தது. மூன்றாவதன் இடம் வெறுமையாக இருந்தது.

"என்னக்கா, காய்க்கேல்லையோ?"

"காய்ச்சது மிஸ். வந்து பாருங்கோ."

வலைக்குள்ளே வெயில் பாலாக இறங்கியிருந்தது. செடி நிறையக் காய்கள், பாதி பச்சை, பாதி சிவப்பு.

"விடிய ஒரு நிறம், பின்னேரம் ஒரு நிறம். வடிவைப் பாத்துப் பாத்து, நாளைக்குப் பிடுங்குவம் எண்டே விட்டிட்டன்."

ஏச வாயெடுத்தேன். ஆனால் பச்சைக்குள் சிவப்பு பரவியிருந்த ஒரு காயிலேயே கண் நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் நின்றேனோ, அக்கா கதிரை கொண்டுவந்து போட்டார்.

"மிஸ், எடை இல்லையெண்டா இந்த இனத்தைக் கழிச்சுவிடுவினமோ?"

"ஓம் அக்கா."



இப்போது படிவத்தோடு இருக்கிறேன். 'விளைச்சல் கிடைக்காததற்குக் காரணம்' என்ற இடத்தில் பூச்சி, நோய், வறட்சி, குரங்கு என்று நான்கு கட்டங்கள்தான் இருக்கின்றன.

எதற்குச் சரி போட? நீங்களே சொல்லுங்கோ.