உள்ளறைச் சுவரைத் திறக்க ஆன செலவு

என் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து உள்ளறையில் படுத்த பிறகு, சாயங்கால ஜெபமாலையில் அவர் குரல் எங்களுக்குக் கேட்காமல் போய்விட்டது. மாதா சொரூபம் இருப்பது முன்கூடத்தில். நடுவில் ஒரு சுவர். மருமகளும் நானும் கூடத்தில் முழங்காலில் நிற்போம். அவர் அங்கே பதில் சொல்கிறாரா, தூங்கிவிட்டாரா என்று தெரியாது.

சொரூபத்தை உள்ளே எடுத்து வைக்கலாம் என்றேன்.

"சாமியாரு மந்திரிச்சு வச்ச எடத்த எனக்காக மாத்துவியா?" என்று கோபித்துக்கொண்டார். கூடத்தில் வருகிறவர் போகிறவர் பார்க்கப் படுத்துக் கிடக்கவும் சம்மதிக்கவில்லை.

அப்படியானால் சுவரில் ஒரு திறப்பு வைப்போம் என்று நினைத்தேன். கன்றுக்குட்டி விற்ற இருபதாயிரம் கையில் இருந்தது. சென்னையில் இருக்கும் மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள். பூச்சை உரித்துச் செங்கல் சிவப்பாகத் தெரியும் சுவர். "தெறக்குறதுதான் தெறக்குறீங்க, பூச்சையும் எடுத்துடுங்கம்மா. அழகா இருக்கும்" என்றாள்.

கொத்தனார் வந்தார்.

"எவ்வளவு ஆகும் தம்பி?"

"செவுரு உள்ள என்ன வச்சிருக்குன்னு பாக்காம எப்புடிங்கக்கா சொல்றது?"

கட்டில் ஓரமாக ஒரு சாண் இடத்தைக் கொத்தினார். பூச்சோடு செங்கல்லின் முகமும் பெயர்ந்து வந்தது.

"இவ்வளவு கெட்டியா யாரு பூசுனது?"

என் வீட்டுக்காரர் நல்ல கையைத் தூக்கினார். சிமெண்ட் ஆலைகள் நிறைந்த அரியலூர்ப் பக்கத்து ஆட்களுக்குச் சிமெண்டின் மேல் ஒரு தனி நம்பிக்கை. இந்தப் பழைய வீட்டை வாங்கியபோது, மண் சாந்தில் கட்டிய சுவர் உதிர்கிறதே என்று, ஏற்கெனவே இருந்த பூச்சின் மேல் இரண்டு தடவை சிமெண்டைப் பூசிவிட்டார்.

"மாமா, கெழவனுக்கு இரும்புச் சட்டை மாட்டி வுட்டுட்டீங்க. கழட்டுனா தோலும் சேந்து வருது" என்றார் கொத்தனார். என் வீட்டுக்காரர் சிரித்தார். படுத்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

கல் உடையாமல் சுவர் முழுக்க உரித்து, கெட்டதை மாற்ற அறுபதாயிரம் ஆகுமாம். திறப்பு மட்டும் என்றாலும், கூரை பாரம் அந்தச் சுவரில்தான் நிற்கிறது. முட்டுக் கொடுத்து, மேலே கான்கிரீட் விட்டம் போட முப்பத்தைந்தாயிரம். கும்பிட்டு அனுப்பிவைத்தேன்.

ஆனால் கொத்துமுன் கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்த சத்தம் என்னை விடவில்லை. சுவருக்குள் என்னதான் இருக்கிறது? கூட்டும்போதெல்லாம் நானும் அங்கங்கே தட்டிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒரே சத்தம். கட்டிலின் கால்மாட்டில் மட்டும், உள்ளே வெற்றாக இருப்பதுபோல் பொத்தென்று கேட்டது. மறுபடி கொத்தனாரைக் கூப்பிட்டேன். அந்த இடத்தைக் கொத்தினார். உள்ளே ஒரு கருங்கல் பலகை, அதன் அடியில் ஏனோதானோவென்று அடுக்கிய செங்கல்.

"அக்கா, இது சன்னலு. ஒரு காலத்துல இதான் வெளிச்செவுரு. கூடத்தப் பின்னாடி கட்டிட்டு இத அடைச்சுட்டாங்க."

மேலே கல் தாங்கிக்கொண்டிருந்ததால் அடைத்த செங்கல்லை மட்டும் எடுத்தால் போதும். இரண்டே நாள் வேலை. பதினோராயிரத்தில் முடிந்தது.

"மாதா வழி காட்டிட்டா தம்பி" என்றேன்.

"தட்டுனது நீங்கதானக்கா" என்றார். தட்ட வைத்தது யார் என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் தலையணையை உயர்த்தி வைத்தோம். சொரூபத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். நாக்கு புரளவில்லை. நாங்கள் அடுத்த மந்திரத்தைத் தொடங்கியபோது அவர் முந்தினதில் பாதியில் இருந்தார். மாலையில் முதல் பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் வெகுவாகப் பின்தங்கிவிட்டார்.

"ஏங்க, தெனமும் இப்புடித்தானா?"

"நீங்க முடிச்சிட்டு எந்திரிச்சுப் போற சத்தம் கேக்கும். எனக்கு இன்னும் ரெண்டு பத்து மணி கெடக்கும்."

அத்தனை மாதமும் தனியாகவே முடித்திருக்கிறார். இப்போது மருமகள் முன்பாதியைச் சொல்லிவிட்டு, அவர் பின்பாதியை முடிக்கும்வரை காத்திருக்கிறாள். முன்பு இருபது நிமிடத்தில் முடிந்த எங்கள் வீட்டு ஜெபமாலைக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது.