என் டிஸ்கில் நான் போட்ட பூட்டு

அப்போது எனக்குத் திமிர் அதிகம். திருவொற்றியூரில் என்னைவிடக் கம்ப்யூட்டர் தெரிந்த மெக்கானிக் இல்லை என்று நினைப்பு. கம்ப்யூட்டரை இயக்கும் ஓ.எஸ். ஃபைல்களை எதிர்க்கடைக்காரன் காப்பி அடிக்காமலிருக்க, என்னைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி என் ஹார்ட் டிஸ்கில் பூட்டி வைத்திருந்தேன்.

ஜெராக்ஸ் கடை மேரி அக்காவின் கம்ப்யூட்டரில் அந்த டிஸ்கைச் சொருகி மூன்று முறை ஓ.எஸ். போட்டேன். மூன்று முறையும் பாதியில் நின்றது. வாசலில் ஹால் டிக்கெட் எடுக்கக் காலேஜ் பெண்கள் காத்திருந்தார்கள்.

"கண்ட பென்டிரைவையும் சொருகி மிஷினை நாசம் பண்ணிக்கீற. குப்பையில போடு" என்று அவர்கள் முன்னாலேயே கத்தினேன்.

அக்கா திரையைத் தட்டினார். "கூவாத. படிக்க அனுமதி இல்லைன்னு இங்கிலீஷ்ல போட்டுக்கீது பாரு. மிஷினு செத்துப்போயிருந்தா இத்த எப்டி சொல்லும்? எவனோ ஃபைலைப் பூட்டிக்கீறான். எவன் அவன்?"

எனக்குச் சுருக்கென்றது. ஓ.எஸ். போடும் புரோகிராமும் என் பூட்டுக்கு வெளியேதான் நின்றிருக்கிறது. பூட்டை எடுத்தேன். ஓ.எஸ். ஏறிவிட்டது.

"வைரஸ்க்கா" என்றேன்.

"அது இன்னும் என் சேர்லதான் குந்திகினு கீது. எய்ந்து போ."

போய்விட்டேன். இப்போது என் டிஸ்கில் பூட்டு இல்லை. ஆனால் அந்தத் தெரு வழியாக மட்டும் நான் போவதில்லை.