இலை கழுவிய காலை

எங்கள் பக்கம் வாசலில் செடி வைத்திருந்தால் எழுந்ததும் இலையைத்தான் கழுவுவோம். வேருக்குத் தண்ணீர் அப்புறம். ராத்திரியெல்லாம் அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டுச் சாம்பல் இறங்கும். கழுவாவிட்டால் செடி சுணங்கிவிடும். எண்ணூரில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

என் மகள் பத்தாவதோடு நின்றுவிட்டாள். என்னோடு இறால் உரிக்கும் ஷெட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். ஐஸ் தண்ணீரில் விரல் வெடிக்கும். அவளுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. எனக்கும்தான். யார் கேட்டார்கள்.

ஒரு மேடம் வந்தார். தோட்டம் போடுவது அவர் தொழில். டவுனில் மலர்க் கண்காட்சி, உங்கள் பிள்ளைகள் கஷ்டத்திலும் நிமிர்ந்து நிற்பதைக் காட்ட அங்கே ஒரு தோட்டம் வைக்கிறேன் என்றார். என் மகளையும் தெருப்பிள்ளைகள் சிலரையும் சேர்த்துக்கொண்டார். பரிசு வந்தால் அதே தோட்டம் ஒரு பெரிய கட்டட வாசலில் நிரந்தரமாக இருக்கும், அதைப் பராமரிக்கும் வேலை பிள்ளைகளுக்குத்தான் என்றார். அன்றிலிருந்து மகளுக்கு அந்த ஆசையில் சோறு இறங்கவில்லை.

தோட்டத்தில் உடைந்த சிமெண்ட் குழாய், துருப்பிடித்த நங்கூரச் சங்கிலி. இடுக்கெல்லாம் பூவரசு, எருக்கு, நித்தியகல்யாணி. நன்றாகத்தான் இருந்தது.

பரிசு நாளன்று ஷெட்டுக்கு லீவு சொல்லிவிட்டு நானும் போனேன். முதல் ரயிலில் போய் இறங்கினோம். மேடம் இன்னும் வரவில்லை. இலையெல்லாம் சாம்பல்.

"இங்கியும் வந்துட்ச்சா இது?" என்றான் ஒரு பையன்.

ஆளுக்கொரு மக்கை எடுத்துக் கழுவினார்கள். நான் முந்தானையால் துடைத்தேன்.

மேடம் வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார். "சாம்பல் எங்கேம்மா?"

"கழுவிட்டோம் மேடம். ஒரே கலீஜா இருந்துச்சு" என்றாள் மகள்.

"அதை நான்தான் போட்டேன். நேத்து நீங்க போனப்புறம். உங்க ஊர்லேர்ந்து மூட்டை கட்டிக்கினு வந்தேன்."

எங்களோடு பழகி அவருக்கும் எங்கள் பேச்சு ஒட்டியிருந்தது.

"எங்களாண்ட கேட்டிருந்தா வூட்டு மேலேர்ந்தே அள்ளிக் குட்த்திருப்போமே மேடம்" என்றான் பையன். யாரும் சிரிக்கவில்லை. மேடம் குழாய்மேல் உட்கார்ந்துவிட்டார்.

நடுவர்கள் வந்தார்கள். 'சாம்பலிலும் தளிர்' என்று பலகையில் எழுதியிருந்தது. படித்துவிட்டுச் செடியைப் பார்த்தார்கள். பச்சைப் பசேலென்று இருந்தது. ஒருவர் மறுபடியும் பலகையைப் பார்த்தார். போய்விட்டார்கள். பரிசு எதிர்வரிசையில் அருவி வைத்த தோட்டத்துக்கு.

மேடம் திட்டவில்லை. எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார். தோட்டத்தைப் பிரிக்கும்போது ஆளுக்கொரு செடி எடுத்துக்கொள்ளச் சொன்னார். மகள் பூவரசை எடுத்தாள்.

ரயிலில் செடியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். கொருக்குப்பேட்டை தாண்டியதும் கேட்டாள்.

"நாளிக்கி ஷெட்டுக்கு எப்போமா போணும்?"

"எப்பவும் போறாப்லதான்."

"சரி."

மறுநாள் எனக்கு முன்னால் எழுந்திருந்தாள். பூவரசு இலையைக் கழுவிவிட்டு, தலையை முடிந்துகொண்டு என்னோடு வந்தாள்.