நல்ல முடி
2009இல் சிதம்பரத்தில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, சூடானிலிருந்து படிக்க வந்த பெண் ஒருத்தி என் அறைத்தோழி. அவளைப் போலவே எனக்கும் சுருட்டை முடிதான். சின்ன வயதிலிருந்தே அதற்காகக் கேலி கேட்டு வளர்ந்தவள் நான். தலை ஈரமாக இருக்கும்போதே விரலால் சிக்கெடுக்க வேண்டும் என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். "நாம ரெண்டு பேரும் ஒரே ஜாதி" என்று அவளிடம் சொல்லிச் சிரிப்பேன்.

வகுப்பில் ஒருத்தியின் கல்யாணத்துக்காக இருவரும் கடலூரில் ஒரு பியூட்டி பார்லருக்குப் போனோம். அதை நடத்திய அக்கா என் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

"சுருட்டையா இருந்தாலும் நல்ல முடி. உக்காரும்மா."

என் அறைத்தோழியைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "இவுங்க முடியெல்லாம் நம்மால ஆவாது. வெளிய இருக்கச் சொல்லு."

அவளுக்கு ஓரளவு தமிழ் புரியும். எழுந்துபோய் வாசற்படியில் உட்கார்ந்தாள். நானும் எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் என் முடியை நல்ல முடி என்று அதுவரை யாருமே சொன்னதில்லை. அலங்காரம் முடியும்வரை அந்த நாற்காலியிலேயே இருந்தேன்.

கல்யாண மண்டபத்துக்குப் போகும் வழியில், "உனக்கு அழகா இருக்கு" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. படிப்பு முடிந்து அவள் ஊருக்குத் திரும்பிய நாளில் ரயில் நிலையம்வரை பெட்டி தூக்கிப் போனேன். மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.