குழாய் வாயில் செருப்பு

இது நடந்தது. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் உடையார்பாளையம் முந்திரிக் காட்டில் ஒரு நாள் உச்சி வெயிலில் தனியாக நின்று பார்க்கட்டும். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று எவன் சொன்னானோ, அவன் எங்கள் வேலையைப் பார்த்ததில்லை.

1984, சித்திரை மாதம். கடலோரத்தில் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குக் கொள்ளிடத்துத் தண்ணீரைக் கொண்டுபோக எங்கள் பக்கம் குழாய் பதித்தார்கள். ஆள் தவழ்ந்து போகிற அகலம். முன்பிருந்த வெல்டர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டதால் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. என் மனைவி கண்ணகியின் தம்பி கொளஞ்சியப்பனையும் கூடவே சேர்த்துவிட்டேன்.

"எந் தம்பிய முழுசா வூட்டுக்குக் கொண்டாந்து வுடுங்க" என்று அவள் தினமும் சொல்லித்தான் அனுப்புவாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்கள் நிழலுக்காகக் குழாய்க்குள் நுழைந்து தூங்குவார்கள். வீட்டுக்குள் போகிற மாதிரி, செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் போவார்கள். யாரும் போட்ட சட்டமில்லை, பழக்கம். குழாய் வாயில் செருப்பு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான். இல்லையென்றால் மூடலாம்.

அன்று மதியம் இரண்டு மணி. சூப்பர்வைசர் சிங்காரவேலு வழக்கம்போல் கத்தினார்.

"தட்டை வச்சு மூடுய்யா! தண்ணி வுட்டு டெஸ்ட் பண்ணணும்."

பள்ளத்தில் பதித்திருந்த நீளக் குழாயின் மறுமுனையை முன்பே அடைத்தாயிற்று. இந்தப் பக்கத்து வாயில் செருப்பு இல்லை. "உள்ள யாரு?" என்றேன். பதில் இல்லை. கொளஞ்சியின் நீல வார் செருப்பு தள்ளி, மரத்தடியில் கிடந்த ஒற்றைக் குழாயின் முன்னால் இருந்தது.

"டேய், எழுந்திரிச்சு வாடா!"

"வரேன்... நீ மூடு அண்ணே."

மரத்தடிப் பக்கமிருந்து வந்தது அவன் குரல்தான். வெயிலிலும் எரிச்சலிலும் நான் அதைக் காதில் சரியாக வாங்கவில்லை. வெல்டிங்குக்கான டீசல் செட்டை ஓடவிட்டேன். இரும்புத் தட்டை வைத்துச் சுற்றிலும் வெல்டு அடிக்கத் தொடங்கினேன்.

பாதியில்தான் உறைத்தது. கொளஞ்சி என்னை ஒருநாளும் அண்ணன் என்று கூப்பிட்டதில்லை. மச்சான் என்பான். 'நீ' என்று வாயே வராது.

தீர்ந்துபோன வெல்டிங் ராடை மாற்ற நிறுத்தினேன். தட்டில் கையை ஊன்றினேன். கையுறைக்குள் அதிர்ந்தது.

டொக்... டொக்... டொக்...

உள்ளே இருந்து.

"நிறுத்தாத அண்ணே."

என் பிடரிக்குப் பின்னால்... அத்தனை இரைச்சலிலும் தெளிவாக. ஈர மூச்சு கழுத்தில் பட்டது.

திரும்பினேன். யாருமில்லை.

மரத்தடிக் குழாய்க்கு ஓடிக் குனிந்தேன். அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

காலி.

"கட்டரை எடுங்கடா!" என்று அலறினேன். தட்டை வெட்டியதும் கொளஞ்சி வெளியே சரிந்தான். நகமெல்லாம் ரத்தம். நினைவில்லை. மூச்சு மட்டும் இருந்தது. எல்லோர் முன்னாலும் நான் அழுதேன்.

மண் சுமக்கும் பொன்னாயி அவன் முகத்தில் தண்ணீர் தெளித்தார். கேட்ட குரலைப் பற்றி அவரிடம் சொன்னேன். செம்பு பிடித்த கை அப்படியே நின்றது.

"மொத வெல்டரு ஏன் ஓடுனாருன்னு யாரும் சொல்லலையா? விக்கிரமங்கலத்துகிட்ட வேலை நடந்தப்ப, எவனோ வெளையாட்டுக்கு ஒரு ஆளோட செருப்ப எடுத்து மரத்தடியில வச்சுட்டான். வெல்டரு மூடிட்டாரு. தண்ணி வுட்டப்புறந்தான் தெரிஞ்சுது."

"யாரு செத்தது?"

"அந்த வெல்டரோட கூடப்பொறந்த தம்பிதாங்க."

கொளஞ்சியை ஜீப்பில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கண்ணகி அவனை மடியில் கிடத்திக்கொண்டு அழுதாள். சாயங்காலம் கண்ணைத் திறந்தான். அக்காவை யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்... சிரித்தான்.

"இந்தத் தடவை தொறந்துட்டியே, அண்ணே."